வெள்ளை செராமிக் கல்லில் தீட்டினால் கத்தி பளபளக்கிறது, தக்காளி மட்டும் அறுபட மாட்டேன் என்கிறது: என்ன காரணம்?

பீஷான்வாசி:

வணக்கம். வீட்டில் மூன்று கத்திகள் இருக்கின்றன. 20 செ.மீ. ஜெர்மன் சமையல் கத்தி, தகட்டில் எக்ஸ்50சிஆர்எம்ஓவி15 என்று எஃகின் வகை பொறித்திருக்கிறது. விஜி-10 எஃகில் செய்த சாந்தோக்கு என்ற ஜப்பானியச் சமையல் கத்தி ஒன்று. தாய்லாந்து கிவி கத்தி ஒன்று. கற்கள் இரண்டு: 1000 கிரிட் (கல்லின் நுண்மை எண்) தண்ணீர்க்கல், 8 அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் உள்ள வெள்ளை செராமிக் கல், மிக நுண்ணிய ரகம்.

1000-இல் தீட்டிவிட்டு வெள்ளைக் கல்லுக்குப் போகிறேன். ஒவ்வொரு பக்கமும் முப்பது நாற்பது இழுப்பு. சரிவு (வெட்டும் விளிம்பை ஒட்டிய சாய்வான பகுதி) கண்ணாடிபோல் மின்னுகிறது, செய்தித்தாளைக்கூட வெட்டுகிறது. தக்காளித் தோலில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. கல்லும் நடுவில் கறுத்து, வழவழவென்று ஆகிவிட்டது.

இந்தக் கல்லுக்குத் தண்ணீரா, எண்ணெயா, இரண்டும் வேண்டாமா? கறுப்பை எப்படி எடுப்பது? தண்ணீர்க்கல்லைப்போல் இதையும் அவ்வப்போது சமன்படுத்த வேண்டுமா?

உளிமுனை:

பளபளப்பை வைத்துக் கூர்மையை எடைபோடாதீர்கள். நுண் செராமிக் கல் எஃகை மிகக் கொஞ்சமாகத்தான் எடுக்கும். எந்த இடத்தைத் தொடுகிறதோ அந்த இடத்துக்கு மெருகேற்றும், அவ்வளவுதான். வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்கு, கால் மில்லிமீட்டர் மேலே தொட்டால் அந்த இடம் கண்ணாடியாகும், வாய் மழுங்கியது மழுங்கியபடியே கிடக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் சந்தேகம் இதுதான்.

சோதிக்க ஒரு கறுப்பு மார்க்கர் பேனா போதும். இரண்டு பக்கச் சரிவிலும் மையைப் பூசி, வெள்ளைக் கல்லில் பக்கத்துக்கு இரண்டே இழுப்பு இழுத்துவிட்டு விளக்கடியில் பாருங்கள். சரிவின் மேலோரத்தில் மை அழிந்து, வாயோரத்தில் மயிரிழைக் கோடாகக் கறுப்பு மிஞ்சியிருந்தால் கல் வாயைத் தொடவே இல்லை என்று பொருள். கத்தி முதுகை 1 மி.மீ. உயர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

கோணத்தைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட முதுகின் உயரத்தை அளப்பது நம்பகமானது. முதுகிலிருந்து வாய் வரை 45 மி.மீ. அகலமுள்ள கத்திக்கு, முதுகின் நடுப்பகுதி கல்லிலிருந்து 11.6 மி.மீ. உயரத்தில் இருந்தால் 15 டிகிரி. 13.2 மி.மீ. என்றால் 17 டிகிரி, 15.4 மி.மீ. என்றால் 20 டிகிரி. இந்த அகலத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறினால் கோணம் ஒன்றேகால் டிகிரிக்குச் சற்று மேல் கூடும். 90 மி.மீ. அகலமுள்ள சீனக் கத்திக்கு 15 டிகிரி வேண்டுமென்றால் முதுகு 23.3 மி.மீ. உயர வேண்டும். ஒரே உயரத்தை எல்லாக் கத்திக்கும் வைத்துக்கொள்பவர்கள் வழுக்குவது இங்கேதான்.

இரண்டாவது சந்தேகம் பிசிறு. 1000 கல்லில் ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிறு, அதாவது வாயோரத்தில் மடங்கி நிற்கும் எஃகு இழை, எழும். அது கைப்பிடியோரம் தொடங்கி நுனிவரை விட்டுப்போகாமல் எழ வேண்டும். பஞ்சுக் குச்சியை முதுகுப் பக்கமிருந்து வாயை நோக்கி இழுத்து வெளியே விடுங்கள், பிசிறு இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். பெரும்பாலும் நுனியிலும் கைப்பிடியோரத்திலும்தான் பிசிறு எழாமல் விட்டுப்போகும். பிசிறே எழாத இடத்தை வெள்ளைக் கல்லில் நூறு இழுப்பு இழுத்தாலும் அது கூராகாது.

இரண்டு பக்கமும் பிசிறு வந்தபின் நேரே வெள்ளைக் கல்லுக்குத் தாவாதீர்கள். பிசிறைச் சிறிதாக்கும் வேலையையும் 1000 கல்லிலேயே முடிக்க வேண்டும். அழுத்தத்தைக் கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன்: சமையலறைத் தராசின்மேல் கல்லை வைத்துத் தீட்டிப் பாருங்கள். பிசிறு எழுப்பும்போது 500 கிராம் முதல் 1 கிலோ வரை காட்டலாம். எழுந்தபின் பக்கம் மாற்றி மாற்றி இழுத்து 200 கிராமுக்கு இறக்குங்கள், பிறகு 100. முள் எங்கே நிற்கிறது என்று இரண்டு மூன்று நிமிடம் கவனித்தால் கை அதைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளைக் கல்லின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, சட்டென்று முடிந்தும்விடும். முதுகை 1000-இல் வைத்ததைவிட ஒன்றரை முதல் 2 மி.மீ. உயர்த்துங்கள். 17 டிகிரியில் தீட்டிய கத்தி இப்போது சுமார் 19 டிகிரியில் கல்லைத் தொடும். வாய் முன்னே செல்லும்படி, கல்லிலிருந்து மெல்லிய ஏடு சீவுவதுபோல் தள்ளுங்கள். இடது ஒன்று, வலது ஒன்று என்று மாற்றி மாற்றி, பக்கத்துக்கு ஐந்தாறு தள்ளு. கத்தியின் எடை மட்டும் போதும். முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். அப்படித் தேய்த்தால் பிசிறு அறுபடாமல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். உங்கள் முப்பது நாற்பது இழுப்பு செய்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். செய்தித்தாளை வெட்டிக் காட்டிவிட்டுத் தக்காளியில் கைவிடுவது பிசிறுள்ள வாய்க்கு வழக்கமான குணம்.

பக்கத்துக்குப் பத்துக்குள் கூர் வரவில்லையா, 1000-க்குத் திரும்புங்கள்.

வெண்கல்:

கல்லைப் பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைகளில் செராமிக் என்ற பெயரில் இரண்டு வேறு பொருட்கள் கிடைக்கின்றன. உங்கள் வெள்ளைக் கல் உயர் வெப்பத்தில் சுட்டு இறுக்கிய அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு. மோஸ் அளவில் கடினம் 9, வைரத்துக்கு ஒரு படி கீழே. ஷாப்டன் குரோமாக்கு போன்ற ஜப்பானியக் கற்களையும் செராமிக் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவற்றில் அரைதூள் பசைபோன்ற பிணைப்பில் உட்கார்ந்திருக்கும், தீட்டத் தீட்ட மேல்பரப்பு தேய்ந்து புதுத் தூள் வெளியே வரும். அவற்றுக்குத் தண்ணீர் கட்டாயம், குழிவதால் சமன்படுத்துவதும் கட்டாயம். உங்கள் கல் தேயாது, புதுத் தூளையும் வெளியே விடாது. அதனால் பராமரிப்பு முறை முழுக்க வேறு.

உலர்வாகவே பயன்படுத்தலாம். ஊறவைக்க வேண்டாம், சேறு வழியாது, காயவைக்க இடம் தேட வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சின்னச் சமையலறைக்கு இது பெரிய வசதி. கறுப்பு சீக்கிரம் ஏறுகிறது என்றால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி கலந்த தண்ணீரைச் சில சொட்டு விடுங்கள், எஃகுத் துகள் மிதந்து வந்துவிடும். எண்ணெய் வேண்டாம். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் துகளும் எண்ணெயும் சேர்ந்த பசையைப் பிறகு கழுவி எடுப்பது கூடுதல் வேலை.

நடுவில் கறுத்திருப்பது உங்கள் கத்தியின் எஃகு. கல்லின் நுண்ணிய மேடுபள்ளங்களை அது அடைத்துவிட்டால் உலோகத்தின்மேல் உலோகம் வழுக்குகிறது. வழவழப்பின் காரணம் இதுதான். பாத்திரம் தேய்க்கும் தூளையும் பச்சை நாரையும் எடுத்து, கல்லை ஈரமாக்கி ஓரிரு நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் வெளுத்துவிடும். ஆக்சாலிக் அமிலம் உள்ள தூள் என்றால் இரும்புக் கறையை இன்னும் சுத்தமாக எடுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நன்றாக அலசுங்கள். லேசான கறுப்புக்குப் பென்சில் அழிப்பான்கூடப் போதும். கல் பாதி கறுத்ததும் கழுவுவது நல்லது, முழுக்க மூடும்வரை காத்திருக்க வேண்டாம்.

தீட்டும்போது காதையும் கல்லிடம் கொடுங்கள். சுத்தமான கல்லில் சரியான கோணம் என்றால் பட்டுத்துணி உரசுவதுபோல் ஒரே சீரான ஓசை வரும். கீச்சென்று கத்தினால் ஒன்று கல் அடைத்திருக்கிறது, அல்லது அழுத்தம் கூடியிருக்கிறது. ஓசை இழுப்பின் நடுவில் மாறினால் மணிக்கட்டு திரும்பிக் கோணம் மாறியிருக்கும்.

சமன்படுத்துவது: வீட்டு உபயோகத்தில் இந்தக் கல் குழியாது, ஆகவே தண்ணீர்க்கல்லைப்போல் அடிக்கடி செய்யத் தேவையில்லை. ஆனால் சூளையில் சுடும்போதே லேசாக வளைந்து வரும் கற்கள் உண்டு. எஃகு அளவுகோலை நெட்டுக்கு நிறுத்தி, பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நடுவிலோ ஓரங்களிலோ ஒளி கசிந்தால் வளைவு இருக்கிறது. அதைச் சரிசெய்ய வைரத் தகட்டைப் பயன்படுத்தினால் தகட்டின் ஆயுள் வேகமாகக் குறையும். தடித்த கண்ணாடி அல்லது வழுவழுப்பான கிரானைட் பலகைமேல் சிலிக்கான் கார்பைடு தூளும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு எட்டு வடிவில் தேய்ப்பது மலிவு. கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுவிட்டுத் தேயுங்கள், கோடுகள் எல்லாம் அழிந்தால் சமம். ஒரு விஷயம் முக்கியம்: கரடான தூளோடு நிறுத்தினால் உங்கள் நுண்கல்லும் கரடாகவே வெட்டும். படிப்படியாக நுண்ணிய தூளுக்குப் போய் முடியுங்கள். இந்த ரகக் கற்களில் மேல்பரப்பைத் தேய்த்து முடிக்கும் விதமே பாதி குணத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ஃபைன், அல்ட்ரா ஃபைன் கற்கள் இரண்டும் ஒரே பொருள்தான். அல்ட்ரா ஃபைனின் பரப்பைக் கூடுதலாகத் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள்.

கடைசியாக, கல்லுக்கடியில் ஈரத்துணி போடுங்கள். தரை ஓட்டில் ஒருமுறை விழுந்தால் உடையும்.

கம்போங்_சமையல்:

முன்னவர்கள் இருவரும் சொன்னது சரி. ஆனால் எந்தக் கத்திக்கு எவ்வளவு மெருகு என்பதை யாரும் தொடவில்லையே! ஜெர்மன் கத்தியைக் கண்ணாடி மெருகு வரை கொண்டுபோவது எனக்கு உடன்பாடில்லை. அந்த எஃகில் கார்பன் அரை விழுக்காடு, குரோமியம் 15 விழுக்காடு, கடினம் 55 முதல் 58 எச்ஆர்சி (ராக்வெல் கடின அளவு). வாய் ஒடியாது, ஆனால் சீக்கிரம் மடங்கும். நீங்கள் ஏற்றிய மெருகு இரண்டு நாள் சமையலுக்குக்கூடத் தாங்காது. தக்காளி, குடைமிளகாய், கத்தரிக்காய் இவற்றின் தோலைக் கவ்வ வாயில் நுண்ணிய பல் இருக்க வேண்டும். 1000 கல் விட்டுச்செல்லும் கீறல்களே அந்தப் பல். பிசிறை எடுப்பதற்காக மட்டும் வெள்ளைக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு மூன்று இழுப்பு இழுத்து நிறுத்தினால் பல்லும் நிற்கும், பிசிறும் போகும். அதற்குமேல் ஒவ்வொரு இழுப்பும் பல்லைத் தேய்க்கிறது.

விஜி-10-க்கு நிலைமை வேறு. கார்பன் சுமார் ஒரு விழுக்காடு, கடினம் 60 எச்ஆர்சி அளவில். அது மெருகைத் தாங்கும். பச்சை மீனைத் துண்டு போடுவது, கோழி நெஞ்சுக்கறியை மெல்லிசாகச் சீவுவது, மல்லித்தழையைக் கசங்காமல் அரிவது, இதற்கெல்லாம் மெருகேறிய வாய்க்கு ஈடில்லை. தழை கறுக்காமல் இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

கிவி கத்தியின் தகடு மெல்லியது, எஃகும் மென்மை. அழுத்தினால் தகடு வளைந்து கோணம் தானாக மாறிவிடும். விரல்நுனி பட்டும் படாமலும் பிடித்து, வெள்ளைக் கல்லில் நான்கு ஐந்து இழுப்பு, வாரம் ஒருமுறை. அதற்குக் கல்லைவிடச் செராமிக் கம்பி இன்னும் தோது. பல வீடுகளில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாத வளையத்தில் தீட்டுவார்கள். அதுவும் இதே வேலைதான், ஆனால் வளையம் கரடு, சீராகவும் இருக்காது. அவசரத்துக்கு ஆகும், ஜப்பானியக் கத்தியை அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

மீன்தலை பிளக்க, ஆட்டெலும்பு கொத்த வைத்திருக்கும் கனத்த வெட்டுக்கத்திக்கு 20 முதல் 25 டிகிரி வையுங்கள், 1000 கல்லோடு விட்டுவிடுங்கள். எலும்பில் பட்டதும் மெருகு போய்விடும், பிறகு ஏன் மெனக்கெட வேண்டும்?

பீஷான்வாசி:

மிக்க நன்றி. மார்க்கர் போட்டுப் பார்த்தேன், ஜெர்மன் கத்தியில் வாயோரம் கறுப்புக்கோடு அப்படியே நின்றது. முதுகை உயர்த்திப் பக்கத்துக்கு மூன்று இழுப்போடு நிறுத்தினேன், தக்காளி இப்போது சொன்னபடி கேட்கிறது. சாந்தோக்கில்தான் பிசிறு ஒருபக்கம் மறைந்து மறுபக்கம் முளைக்கிறது. அதற்கு என்ன வழி? இன்னொன்று: வீட்டில் தேங்காயும் மீனும் அரிய ஓர் இரும்பு அரிவாள்மனை இருக்கிறது. அதைச் செராமிக்கில் தீட்டலாமா?

உளிமுனை:

விஜி-10-இன் பிசிறு பிடிவாதமானது, அறுபடாமல் மடங்கும். வலுவாக இழுத்து அறுக்கப் பார்த்தால் வாயிலிருந்து துணுக்குகளோடு பெயர்ந்து வரும், பிறகு உருப்பெருக்கியில் ரம்பம் தெரியும். வழி இது. பஞ்சுக் குச்சியால் பிசிறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும், முதுகை வழக்கத்தைவிட 4 முதல் 5 மி.மீ. உயர்த்தி, வாய் முன்னே செல்லும்படி ஒரே ஒரு தள்ளு. எடை ஏதும் வேண்டாம். மறுபடி பாருங்கள். பக்கம் மாறியிருந்தால் அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு மூன்று தடவையில் அடங்கும். பிறகு வழக்கமான உயரத்துக்கு இறங்கி, பக்கத்துக்கு இரண்டு இழுப்பு.

அப்படியும் நூலிழைபோல் ஏதாவது மிஞ்சினால் தோல் வாரில் பச்சைக் குரோமியம் ஆக்சைடு பசையைப் பூசி, முதுகு முன்னே செல்லும்படி பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து இழுங்கள். வாய் முன்னே போனால் தோல் வெட்டுப்படும். இழுப்பின் முடிவில் கத்தியை மேல்நோக்கித் தூக்கிச் சுழற்ற வேண்டாம், வாய் உருண்டுவிடும்.

முடிந்ததா என்று அறிய, வாய் மேலே இருக்கும்படி கத்தியை மேசை விளக்குக்கு நேரே பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது, அல்லது பிசிறு அங்கே படுத்திருக்கிறது.

இதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வெள்ளைக் கல்லில் பக்கத்துக்கு மூன்று நான்கு தள்ளு போதும். அது பலிக்காமல் போகும் நாளில் 1000-க்குத் திரும்புங்கள். உயர்ந்த கோணத்தில் போட்ட குட்டிச் சரிவு அதற்குள் அகன்று தடித்திருக்கும், அதைக் கரைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

கம்போங்_சமையல்:

அரிவாள்மனைக்குத் தாராளமாகத் தீட்டலாம். ஆனால் அங்கே கத்தி நிற்கும், கல்தான் நகரும், ஆபத்து அதில்தான். பலகையை மேசை விளிம்பில் பிடிப்பான் போட்டு இறுக்குங்கள். வெட்டுப்படாத கையுறை போடுங்கள். கல்லைப் பிடிக்கும் விரல்கள் கல்லின் முதுகிலேயே நிற்க வேண்டும், வாய்ப்பக்க ஓரத்தைத் தாண்டி ஒரு நகம்கூட வெளியே வரக்கூடாது. 8 அங்குலக் கல் இதற்குப் பெரிது, கையடக்கமான சிறு கல் வாங்குங்கள். வாயிலிருந்து முதுகை நோக்கித் தள்ளுங்கள், கை வாயைவிட்டு விலகிப் போகும். வாய் உட்பக்கமாக வளைந்திருந்தால் தட்டைக் கல் இரண்டு முனையில் மட்டும் தொட்டு நடுவை விட்டுவிடும். அதற்கு உருளைச் செராமிக் கம்பிதான் சரி. பழைய அரிவாள்மனை என்றால் முதலில் கரடான கல்லில் வாயைச் சீராக்குங்கள், நுண்கல் மட்டும் போதாது.

சாதா இரும்பு என்பதால் இன்னொரு கவலையும் உண்டு. நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல். புதிதாகத் தீட்டிய வாயில் ராத்திரிக்குள் செம்மண் நிறம் ஏறிவிடும். கழுவி, துணியால் துடைத்து, உடனே எண்ணெய் தடவுங்கள். தேங்காயெண்ணெய் தினமும் புழங்கும் மனைக்குச் சரி. பல நாள் சும்மா வைப்பதென்றால் உணவுத்தர மினரல் எண்ணெய் மேல், அது சிக்குப் பிடிக்காது.

வெண்கல்:

ஒரு சேர்க்கை. இந்த மூன்று கத்திக்கும் அரிவாள்மனைக்கும் அலுமினா போதுமான கடினம். கத்திகளின் எஃகில் கெட்டித் துகள்களாக இருக்கும் குரோமியம் கார்பைடைவிட அலுமினா கெட்டி. நாளை எஸ்90வி போன்ற வனேடியம் மிகுந்த எஃகுக் கத்தி வாங்கினால் கதை மாறும். வனேடியம் கார்பைடு அலுமினாவைவிடக் கெட்டி. வெள்ளைக் கல் சுற்றியுள்ள எஃகை மட்டும் மெருகேற்றும், கார்பைடை வெட்டாது. அதற்கு வைரத் தகடு வேண்டும். கியோசெரா போன்ற வெள்ளைச் செராமிக் கத்திகளையும் இந்தக் கல்லில் வைக்காதீர்கள், வாய் சில்லுச்சில்லாகப் பெயரும், அதற்கும் வைரம்தான். ரொட்டிக் கத்தியின் பற்களுக்கு மெல்லிய செராமிக் கம்பியை ஒவ்வொரு பள்ளத்திலும் வைத்து, சரிவு இருக்கும் பக்கம் மட்டும் மூன்று நான்கு தள்ளு. தட்டையான மறுபக்கத்தில் பிசிறு எழும், வெள்ளைக் கல்லில் அந்தப் பக்கத்தை முழுக்கப் படுக்கவைத்து ஒருமுறை இழுத்தால் போய்விடும்.